கடைசி பாகத்தை முதலில் காட்டிய அன்வர் பாஷா

செய்தி வந்தபோது நான் வேலூரில் என் வீட்டு வாசலில் நின்று, குடிநீர்க் குழாயைக் கோணலாகப் பொருத்திவிட்டுக் கூலி கேட்ட ஆளோடு வாதாடிக்கொண்டிருந்தேன். ஆம்பூரிலிருந்து அன்வரின் மனைவி ஷாஹிதாவின் தம்பி பேசினார். "மேடம், அன்வர் மச்சான் போய்ட்டாரு. ஃபஜ்ர் தொழுதுட்டு வந்து நாற்காலியில உக்காந்தாரு. அவ்ளோதான்." மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார். ஃபைசலுக்குச் சொல்லிவிட்டீர்களா என்றுதான் நான் முதலில் கேட்டேன். சொல்லிவிட்டார்களாம், புனேயிலிருந்து கிளம்பிவிட்டானாம், ஆனால் நேரத்துக்கு வந்து சேர மாட்டானாம். அப்படியே ஆயிற்று. மகன் ஆம்பூரில் இறங்கியபோது தந்தையை மண்ணுக்குள் வைத்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பியிருந்தார்கள்.

பிறகு இரங்கல் கூட்டம் நடந்தது. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். தோல் தரம் பிரிப்பதில் அன்வர் பாஷாவுக்கு நிகர் இந்தப் பாலாற்றங்கரையில் இல்லை என்று சொன்னீர்கள். அதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் ஷூ கம்பெனி உரிமையாளர் ஒருவர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "நம்ம பாய்க்குக் குழந்தை மனசு. அறுபது வயசுலயும் ஜப்பான்காரன் ரோபோ கார்ட்டூன் பார்ப்பாரு" என்றார். கூட்டம் சிரித்தது. ஷாஹிதா சிரிக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஃபைசலும் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் எழுந்து மறுத்துப் பேசுவது முறையாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன். நினைவு மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். ஆகவே இங்கே மறுக்கிறேன். அன்வர் பாஷாவுக்குக் குழந்தை மனம் இல்லை. அவர் பார்த்தது குழந்தைகளுக்கான படமும் இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்வர் தரம் பிரிக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்த அதே தொழிற்சாலையில் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து முழுவதும் என் மேஜையில் நடந்தது. ஓய்வு வயதுக்குப் பிறகும் முதலாளி என்னை விடவில்லை. கான்வென்டில் சிஸ்டர்கள் புகட்டிய ஆங்கிலத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் நான் கடிதத்தைக் கிழித்துவிட்டு மறுபடி அடிப்பேன். அன்வர் சென்னையில் தோல் தொழில்நுட்பம் படித்துப் பட்டம் வாங்கி வந்தவர். அவரும் அப்படித்தான். இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மற்றவர்களுக்குப் பெரிய பேஜார்.

தோல் தரம் பிரிப்பவர்கள் வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் மேஜை போட்டு நின்று, முதலில் முகப்பைப் பார்ப்பார்கள். முடி இருந்த பக்கம்தான் முகப்பு. கடைசியில் காலணியில் வெளியே தெரியப் போவது அதுதான். அன்வர் மட்டும் தோலைக் கையில் வாங்கியதும் திருப்பிப் போடுவார். சதைப்புறத்தில் கத்தி பட்ட வெட்டு எங்கே, உண்ணி கடித்த தடம் எங்கே, மெலிந்துபோன வயிற்றுப் பகுதி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் முகப்பு. வாங்க வருகிறவர்களுக்கும் அப்படித்தான் காட்டுவார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "குறையைத் தெரிஞ்சிக்கினு வாங்குறவன்தான் திரும்பி வருவான்" என்பார் அன்வர். அவர்கள் திரும்பி வந்தார்கள் என்பதற்கு நான் தட்டச்சு செய்த கடிதங்களே சாட்சி.

அந்த ஜப்பானியத் தொடர் ஆம்பூருக்கு வந்ததும் அப்படித் திரும்பி வந்த ஒருவரால்தான். சரக்கைப் பரிசோதிக்க வந்த ஜப்பானியர் ஒருவர் எங்கள் விருந்தினர் விடுதியில் சில மாதங்கள் தங்கி, காரம் தாங்காமல் தயிர்ச் சோற்றிலேயே காலம் தள்ளினார். ஊர் திரும்பும்போது தன்னிடமிருந்த வீடியோ கேசட்டுகளை அன்வருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவற்றில் இருந்தது மலையளவு இயந்திர மனிதர்கள் சண்டையிடும் தொடர். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். பார்க்காதவர்கள் பெயரைக் கேட்டதும் பொம்மைக்கடை விஷயம் என்று முடிவுகட்டுவார்கள்.

கேசட்டில் ஆங்கில எழுத்துகூட ஓடவில்லை. வீட்டில் யாருக்கும் ஒரு சொல் புரியாது. ஃபைசல் அப்போது ஆரம்பப் பள்ளிப் பிள்ளை. அன்வர் அவனை மடியில் வைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்துப் பார்த்துக் கதையைத் தாமாகவே உண்டாக்கிச் சொன்னார். இயந்திரத்தைக் கட்டியவர் ஒரு விஞ்ஞானி. அதை ஓட்டுகிறவன் அவருடைய மகன். மகன் வீரன், அப்பாவுக்கு அவன் மேல் பெருமை, இருவரும் சேர்ந்து ஊரைக் காப்பாற்றுகிறார்கள் என்று சொன்னாராம். சில வருடங்கள் கழித்துச் சென்னையில் பர்மா பஜாரில் ஆங்கில எழுத்தோடு குறுந்தகடு கிடைத்தது. போட்டுப் பார்த்தால் கதை நேர் எதிர். மகனுக்கு இயந்திரத்தில் ஏறவே விருப்பமில்லை. அப்பா அவனைப் பாராட்டுவதே இல்லை. வேலை இருந்தால்தான் கூப்பிடுகிறார். இயந்திரத்துக்கு விழும் அடி உள்ளே இருக்கும் பிள்ளைக்கு வலிக்கிறது, அது தெரிந்தும் மறுநாள் ஏற்றுகிறார்கள். இதைச் சொல்லும்போது அன்வர் சங்கடப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். "முகப்பைப் பார்த்து ஏமாந்துட்டேன் மேடம்" என்றார். அவர் அப்படிச் சொன்ன ஒரே சரக்கு அதுதான்.

என் கணவர் காலமான பிறகு அன்வரும் ஷாஹிதாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூருக்கு வருவார்கள். ஷாஹிதா தூக்கில் பிரியாணி கொண்டுவருவாள். அன்வர் மடிக்கணினி கொண்டுவருவார். துக்கம் கொண்டாடுகிறவளிடம் எதைக் காட்டுவது என்று இன்னொருவர் யோசித்திருப்பார். இவர் அந்தத் தொடரைக் காட்டத் தீர்மானித்தார். அதிலும் கடைசி பாகத்தை.

நான் முழுதாக உட்கார்ந்து பார்த்தேன். இயந்திரம் இல்லை, சண்டை இல்லை. ஒரு பையன் நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்கிறான். பாதி நேரம் அசையாத ஓவியம் ஒன்றைக் காட்டிவிட்டுப் பின்னணியில் பேசுகிறார்கள். சில இடங்களில் பென்சில் கோடு அழியாமலே கிடக்கிறது. முடிந்ததும், படம் எடுத்தவர்களுக்குப் பணம் தீர்ந்துபோய்விட்டதா என்று கேட்டேன். நான் கேட்டது ஏளனமாக. அன்வருக்கோ அப்படி ஒரு சந்தோஷம். "அதான் மேடம். பணமும் தீந்துபோச்சு, நாளும் தீந்துபோச்சு. கரெக்டா புடிச்சிட்டீங்க" என்றார். நாவலின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள் நான் இல்லை, இது அநாகரிகம் என்று கண்டித்தேன். "இல்லாட்டி நீங்க முகப்பு அழகுல மயங்கிடுவீங்க. இதான் இதோட சதைப்புறம். இதைப் பார்த்த பிறகும் வேணும்னா சொல்லுங்க, முதல்லேர்ந்து போடறேன்" என்றார். ஷாஹிதா சமையலறையிலிருந்து, "அக்கா, வேணாம்னு சொல்லிடுங்க. எனக்குச் சொல்லத் தெரியாம மாட்டிக்கினேன்" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்வருக்கு என் மேல் ஒரு அபிப்பிராயம் இருந்தது, அதைக் குறைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

இப்படித்தான் நான் அந்தத் தொடரை முதலிலிருந்து பார்த்தேன். ஒவ்வொரு பாகமும் முடிந்ததும் அன்வர் அதன் சரித்திரத்தைச் சொல்வார். அதற்கு முன்பு ஜப்பானில் இயந்திர மனிதன் படம் என்றால் பொம்மை விற்கும் கம்பெனிக்காக எடுத்ததாம். வாராவாரம் இயந்திரம் ஜெயிக்கும், மறுநாள் கடையில் அதே பொம்மை விற்கும். இதை எடுத்தவர்கள் மட்டும், அந்த இரும்புக்குள் ஒரு சின்னப் பிள்ளையை உட்கார வைத்தால் பிள்ளை என்ன ஆகும் என்று கேட்டுவிட்டார்கள். கேட்ட பிறகு எப்படிச் சந்தோஷமாக முடிப்பது? முடிக்கத் தெரியாமல் திண்டாடி, கோடு கோடாக ஒரு முடிவைக் கொடுத்தார்கள். பார்த்தவர்கள் கொதித்துப்போய்த் திட்டினார்கள். திட்டியவர்களே மறுபடி மறுபடி பார்த்தார்கள். இன்றைக்கு அவர்களுடைய பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துவிட்டு அதே சண்டையைப் போடுகிறார்களாம். நன்றாக முடிந்திருந்தால் ஒருவரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள் என்பது அன்வரின் வாதம். அரைகுறை வேலைக்கு அது நொண்டிச் சாக்கு என்பது என் வாதம். இன்றும் அதுதான் என் கருத்து.

எனக்கு வேறு புகார்களும் இருந்தன. தொடரில் வரும் பெண் பிள்ளைகளின் உடுப்பைப் பற்றி நான் வாய் திறக்கும் முன்பே ஷாஹிதா முந்திக்கொண்டாள். "ஏங்க, அந்த ஊர்ல தோலுக்கு அவ்ளோ பஞ்சமா? மூணு பொண்ணுக்கும் சேத்து ஒரு ஜாக்கெட் தைக்கற அளவுதான் கெடச்சுதா?" என்றாள். அன்வர் முகம் சிவந்து அந்தக் காட்சிகளை அவசரமாகத் தள்ளுவார். தள்ளிய வேகத்தில் முக்கியமான இடமும் ஓடிவிடும். பிறகு பின்னோக்கி வர வேண்டும். மறுபடியும் அந்தப் பெண்கள் வருவார்கள். ஷாஹிதா கண்ணில் நீர் வரச் சிரிப்பாள்.

ஆனால் அந்த அப்பா பாத்திரம் வந்தால் அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். ஏன் என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

இதை எழுதலாமா என்று ஷாஹிதாவிடமும் ஃபைசலிடமும் கேட்டேன். எழுதுங்கள் என்றார்கள். ஃபைசல் படிப்பு முடித்ததும் அன்வர் அவனைத் தம் பிரிவிலேயே பயிற்சிக்குச் சேர்த்தார். அவன் கேட்டது அதுவல்ல. கணினி வேலைக்குப் போக ஆசைப்பட்டான். "நம்ம பரம்பரைக்கு இதான் தெரியும்" என்று அன்வர் முடித்துவிட்டார். ஒரு முறை ஃபைசல் பார்த்து அனுப்பிய தோல் கட்டு ஒன்றில் கத்தி வெட்டு உள்ளவை கலந்திருந்தன. வாங்க வந்தவரின் ஆள் அதைக் கண்டுபிடித்தார். எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்ற நேரம் அது. நான் கையெழுத்து வாங்கக் கடிதத்தோடு அங்கே போயிருந்தேன். அன்வர் கத்தவில்லை. மகனின் தோளைப் பிடித்துத் திருப்பினார். கழித்துக் கட்டிய தோலின் சதைப்புறத்தில் சாக்கட்டியால் பெருக்கல் குறி போடுவது வழக்கம். அதே குறியை மகனின் சட்டை முதுகில் போட்டார். யாரோ ஓரிருவர் சிரித்தார்கள். ஃபைசல் அதைத் தட்டிவிடவில்லை. நீளமான அந்தக் கூடம் முழுவதையும் எல்லோரும் பார்க்கக் கடந்து, வாயிலைத் தாண்டி, அந்த முதுகோடு பேருந்தில் வீட்டுக்குப் போனான். அன்று மாலையே பெட்டியோடு கிளம்பினான். பிறகு அம்மாவோடு மட்டும் கைப்பேசியில் பேசினான். அப்பாவிடம் பேசவே இல்லை.

இதைச் செய்த மனிதர்தான் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, ஜப்பான் அப்பாவைப் பார்த்து, "இன்னா மனுஷன் மேடம் இவன், பெத்த புள்ளைகிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான்" என்று வருந்தினார். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஒரு நாள் மடிக்கணினியை மூடிவிட்டு நேராகக் கேட்டேன். இந்த அப்பா யார் அன்வர்?

"எங்க அப்பாதான் மேடம். வேற யாரு?" என்றார். அவரை அவர் தந்தையும் இப்படித்தான் தோல் படிப்பில் தள்ளினாராம். அவருக்குப் பாலிடெக்னிக்கில் படம் வரையப் படிக்க ஆசையாம். தாம் அந்த இயந்திரத்துக்குள் உட்கார்ந்த பிள்ளை என்றே அவர் தம்மை நினைத்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் அவரையே பார்த்தேன். "தெரியும் மேடம். எனக்கும் தெரியுது" என்றார்.

தெரிகிறதென்றால் ஃபைசலைக் கூப்பிடுங்கள் என்றேன். அப்போது அவர் சொன்னதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. தொழிற்சாலையில் அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒருவர் கழித்த தோலை மறுபடி பார்க்க வேண்டுமானால் வேறொருவர்தான் பார்க்க வேண்டும். குறி போட்டவரே அதை அழிக்கக் கூடாது. அழித்தால் யாரோ சிபாரிசு செய்தார்கள் என்று ஆகிவிடும். "நான் போட்ட மார்க்கை நானே அழிச்சா அவனுக்கு அது மரியாதையா இருக்காது மேடம். அப்பன் எறக்கப்பட்டான்னு ஆய்டும்" என்றார்.

பெற்ற பிள்ளை கன்றுத்தோல் இல்லை என்று நான் சொன்னேன். அதற்கு மேல் சில வார்த்தைகளும் சொன்னேன். கான்வென்டில் கற்றவை அல்ல அவை. அன்வர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். அந்தச் சட்டத்தை மட்டும் விடவில்லை. தோலுக்கு நியாயம் செய்வதற்காக உண்டாக்கிய ஒழுங்கைக் கொண்டுபோய் ஒரு மனிதர் தம் வீட்டு வாசலில் காவல் வைத்துக்கொண்டதை வேறு எந்தத் தொழில்காரரிடமும் நான் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் மும்பையில் ஒரு இயந்திரக் கண்காட்சிக்குப் போகிறேன் என்று கிளம்பினார். திரும்பி வந்த ஞாயிறு, ஷாஹிதா அடுப்படியில் இருக்கும்போது, குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார். மும்பையிலிருந்து புனேவுக்குப் போயிருக்கிறார். ஃபைசலின் அடுக்ககத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு டீ குடித்திருக்கிறார். பிறகு ரயிலேறி வந்துவிட்டார். ஏன் மேலே போகவில்லை என்று கேட்டேன். "லைட் எரிஞ்சுது மேடம். நல்லா இருக்கான்னு தெரிஞ்சுது. போதும்னு வந்துட்டேன்" என்றார். அன்று நான் அவருக்குச் சாப்பாடு பரிமாறவில்லை. ஷாஹிதாதான் பரிமாறினாள்.

நெஞ்சு அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆம்பூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தவர் திங்கட்கிழமை அங்கே போயிருக்கலாம். ரம்ஜான் முடியட்டும் என்று தள்ளினார். அதையும் நான் அடக்கத்தன்றுதான் தெரிந்துகொண்டேன்.

புனேவுக்குத் திரும்பும் முன் ஃபைசல் என்னைப் பார்க்க வந்தான். முப்பது வயது கடந்த மனிதன், முன்நெற்றியில் முடி குறைந்திருக்கிறது. அவன் தந்தை புனேவுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும் என்று நான் தீர்மானித்திருந்தேன். அதைக் கேட்டால் அவன் மனம் கொஞ்சமாவது ஆறும் என்று நம்பினேன். சொன்னேன்.

"தெரியும் ஆன்ட்டி" என்றான் ஃபைசல். "பால்கனிலேர்ந்து பார்த்தேன். டீக்கடைல உக்காந்திருந்தாரு. மேல வருவாருன்னு கதவைத் தொறந்து வெச்சேன். பாத்ரூம் போனாகூட பெல் சத்தம் கேக்காதேன்னு போகல."

நீ ஏன் கீழே இறங்கிப் போகவில்லை என்று கேட்டேன். "அவர் வரணும்னு இருந்துது" என்றான். பிறகு, என் எதிரில் அழக் கூடாது என்று நினைத்தவன் போல எழுந்து நின்று, சுவரில் இருந்த என் கணவரின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. நடந்தது தவறு என்றேன், இரண்டு பேரும் செய்தது தவறு என்றேன். அவன் தலையாட்டினான். அம்மாவை அடுத்த மாதம் வந்து அழைத்துப் போகிறேன் என்றான். அடுத்த மாதம் வேண்டாம், இப்போதே டிக்கெட் எடு என்றேன். என் எதிரிலேயே கைப்பேசியில் எடுத்தான். ஷாஹிதா இப்போது புனேயில் இருக்கிறாள்.

குழந்தை மனம் என்று சொன்ன அன்பருக்கு இவ்வளவையும் எழுதியாயிற்று. அன்வர் பார்த்தது, பிள்ளையை இயந்திரத்துக்குள் ஏற்றிவிட்டு எப்படி இறக்குவது என்று தெரியாமல் நிற்கிற பெரியவர்களின் கதை. அவர் அதைத் தெரிந்தேதான் பார்த்தார். தெரிந்தும் தெருவைக் கடக்கவில்லை.

எனக்கு அந்தத் தொடர் கடைசிவரை பிடிக்கவில்லை. அன்வரிடம் அதை ஒளிக்கவுமில்லை. எழுபது வயதுக்கு மேல், பிடிக்காத ஒன்றிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் அதை முழுதாகப் பார்க்க என்னை உட்கார வைத்தவர் அவர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பழக்கத்தைத்தான். புனேயில் அவர் செய்துவிட்டு வந்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. அதையும் முழுதாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.